கொழும்பிலிருந்து வந்த வாத்தியார்

யேசுரத்தினம் முதலாளி கொழும்பை விட்டு ஊருக்குத் திரும்பியபோது மாட்டுவண்டியில் பெட்டிகள் வந்து இறங்கின. ஒன்றில் துணிமணி, இன்னொன்றில் பீங்கான் சாமான், மற்றொன்றில் என் வேலைக்கு உலை வைக்க ஒரு வாத்தியார்.

ஆளைப் பெட்டிக்குள் அடைத்துக் கொண்டுவந்தார் என்று நினைத்துவிடாதீர்கள். அது ஒரு கிராமபோன். கைப்பிடியைச் சுற்றி, தட்டின்மேல் ஊசியை வைத்தால், கொம்புக்குள்ளிருந்து ஒரு வெள்ளைக்காரத் துரை இங்கிலீஷ் பாடம் சொல்லிக்கொடுப்பார். பாட்டுப்பெட்டி என்றால் நானும்கூட உட்கார்ந்து ரசித்துக் கேட்டிருப்பேன். பாடம் சொல்லும் பெட்டி என்றதுமே எனக்கு அது ஆகாமல் போயிற்று.

நான் நேசபாய். இரணியலுக்கு மேற்கே செந்தட்டிவிளை மிஷன் பள்ளிக்கூடத்தில் ஒண்ணாம் வகுப்பு டீச்சர். நாலாம் வகுப்பு வரைக்கும் உள்ள ஓலைக்கூரைப் பள்ளிக்கூடம் அது. வாத்தியார் என்று இருந்தது நானும் ஹெட்மாஸ்டர் ஜெபதாஸ் சாரும் மட்டும். ஜெபதாஸ் சார் நல்ல மனிதர். நல்ல மனிதர் என்றால், கோழி குறுக்கே வந்தால்கூட ஒதுங்கி நின்று அதற்கு வழிவிடுவார். எதிர்த்துப் பேசுகிற வேலையெல்லாம் பள்ளிக்கூடத்தில் என் பங்குக்குத்தான் விழும். எனக்கும் அதில் பெரிய வருத்தம் ஒன்றும் கிடையாது.

யேசுரத்தினம் முதலாளி ஊரில் வந்து இறங்கிய சூட்டோடு சபையார் அவரைப் பள்ளிக்கூட மானேஜர் ஆக்கினார்கள். கூரைக்குப் புது ஓலை போட்டவர் அவர்தான்; குறை சொல்லக்கூடாது. ஆனால் மனிதர் எதைப் பார்த்தாலும் "கொழும்புல இப்பிடி இல்ல" என்பார். நம்முடைய கிணறும் கொழும்புக் கிணறுபோல இல்லை, நம்முடைய நாயும் கொழும்பு நாய்போல இல்லை. கடைசியில் பள்ளிக்கூடமும் அவர் கண்ணில் பட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் சபையாரை உட்காரவைத்துப் பேசினார்.

"நம்ம பள்ளிக்கூடத்துக்க நெலமய ஒண்ணு பாருங்க. கையில கொஞ்சம் உள்ளவனுக்க பிள்ளியோ இரணியல் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்துக்குப் போவுது. மிச்சம் உள்ளது பனையேத்துக் காலம் வந்தா அக்கானிக் கலயத்துக்குப் பொறத்தால போவுது. சின்னப் பள்ளிக்கூடத்த எல்லாம் சேத்து ஒண்ணாக்கப்போறதா சர்க்கார்ல பேச்சு நடக்குது. நாம முழிச்சுக்கிடல்லன்னா அடுத்த வருசம் இந்தக் கெட்டிடத்துல ஆடுதான் கெட்டணும்."

அதுவரைக்கும் அவர் சொன்னதில் ஒரு பொய் கிடையாது. நான்கூடத் தலையை ஆட்டிவிட்டேன். பிறகுதான் பெட்டியின்மேல் கையை வைத்தார்.

"இனி வரப்போறது யந்திரத்துக்க காலமாக்கும். லண்டன்ல ஒரு தொர ஒருக்க பேசியாச்சு. லோகம் முழுக்க அவருக்க பாடத்த இந்தப் பெட்டி சொல்லும். இதுக்குக் காய்ச்சல் வராது. லீவு வேண்டாம். கோவமும் வராது."

கோவம் என்று சொல்லும்போது அவர் கண் என் பக்கம் வந்தது. சபையில் நாலு பேர் சிரித்தார்கள்.

"மூக்கு தொடைக்குமா?" என்று கேட்டேன்.

"ஏது மூக்கு?"

"ஒண்ணாம் கிளாசு பிள்ளியளுக்க மூக்கு. பெட்டி தொடைக்குமா எண்ணு கேட்டேன்."

"மூக்கு தொடைக்கதுக்கா டீச்சர் படிச்சு பாஸாயிட்டு வந்திய?" என்றார். இந்த முறை சபை முழுவதும் சிரித்தது. என் அண்ணன் பெண்டாட்டி சிரித்தது தனியாகக் கேட்டது.

முடிவு இதுதான். மாசி மாதம் இன்ஸ்பெக்டர் வருவார். அவர் முன்னால் பெட்டி ஒண்ணாம் வகுப்புக்கு இங்கிலீஷ் நடத்திக் காட்டும். நன்றாக நடத்திவிட்டால் கோடை லீவு முடிந்து பள்ளிக்கூடம் திறக்கும்போது என் நாற்காலி பெட்டிக்கு. ஜெபதாஸ் சார் நடுநடுவே வந்து கைப்பிடியைச் சுற்றிவிட்டுப் போவார். அதுவரை பிள்ளைகளைப் பெட்டியோடு பழக்குகிற வேலை யாருக்கு? எனக்குத்தான். எனக்கு நானே குழி வெட்டவேண்டும், அதுவும் சம்பளத்துக்கு.

வேலை போனால் நான் அண்ணன் வீட்டு அடுக்களையில் புகைக்குள் உட்காரவேண்டியதுதான். அதுகூடப் போகட்டும். என் ஒண்ணாம் வகுப்புப் பிள்ளைகள் தானாக நடந்து பள்ளிக்கூடம் வருகிற பிள்ளைகள் கிடையாது. காலையில் நான் மணியை எடுத்துக்கொண்டு பனந்தோப்பான பனவிளைகள் வழியே நடப்பேன். பதநீரை, எங்கள் பேச்சில் அக்கானியை, காய்ச்சுகிற அடுப்படியில் விறகு தள்ளிக்கொண்டிருப்பதை, தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்பதை எல்லாம் ஒவ்வொன்றாகப் பிடுங்கிக் கூட்டிக்கொண்டு வருவேன். தாய்மார் என்னைத் திட்டுவார்கள், நானும் திருப்பித் திட்டுவேன், பிள்ளை அதற்குள் என் கையைப் பிடித்திருக்கும். பெட்டி பனவிளைக்குப் போகுமா? இதைக் கேட்க நினைத்தேன். அதற்குள் சபை கலைந்துவிட்டது.

மறுநாள் பெட்டி வகுப்புக்கு வந்தது. மானேஜரே கைப்பிடியைச் சுற்றி ஊசியை வைத்தார். கொம்புக்குள் துரை தொண்டையைச் செருமிக்கொண்டு இங்கிலீஷில் நீட்டி நிறுத்திப் பேச ஆரம்பித்தார்.

என் பிள்ளைகள் அத்தனை பேரும் சடாரென்று எழுந்து நின்றார்கள். கைகளைக் கூப்பினார்கள். கண்களை இறுக்கி மூடிக்கொண்டார்கள்.

எனக்கு விளங்கிவிட்டது. எங்கள் சபைக்கு வருஷத்தில் ஒரு தடவை வெள்ளைக்காரப் போதகர் வருவார். வந்தால் இங்கிலீஷில் நீளமாக ஜெபம் பண்ணுவார். செந்தட்டிவிளைப் பிள்ளைகள் பிறந்தது முதல் கேட்ட இங்கிலீஷ் அது ஒன்றுதான். துரையின் குரல் கேட்டால் எழுந்து நின்று கண்ணை மூடவேண்டும் என்று பழக்கியவள் யார்? நானேதான். ஞாயிற்றுக்கிழமை ஓய்வுநாள் பள்ளியிலும் நான்தான் டீச்சர். ஆமென் கேட்கிறவரை கண்ணைத் திறக்கக்கூடாது என்பது என் சட்டம். ஜெபத்துக்கு நடுவே பெரியவர்கள் உருக்கத்தில் ஆமென் ஆமென் என்று முனகுவார்கள், அதை நம்பித் திறந்துவிடாதீர்கள், டீச்சர் சொல்லும் ஆமென்தான் கணக்கு என்றும் சொல்லிவைத்திருந்தேன். போன அறுப்புப் பண்டிகையில் ஒரு ஆடு எங்கள் சபைக் கோவிலுக்குள் புகுந்து காணிக்கைக்கு வைத்திருந்த கீரைக்கட்டை முழுவதும் தின்றுவிட்டுப் போனது. ஆட்டின் வால் முகத்தில் உரசியும் என் பிள்ளைகளில் ஒன்று கண்ணைத் திறக்கவில்லை. அப்படி வளர்த்திருந்தேன்.

தட்டு முடிந்து ஊசி கரகரத்தது. பழக்கதோஷத்தில் நான் "ஆமென்" என்றேன். பிள்ளைகள் "ஆமென்" என்று கூரை அதிர முழங்கிவிட்டு உட்கார்ந்தார்கள்.

மானேஜருக்கு என்ன தோன்றியிருக்கவேண்டும்? இது பாடமில்லை, ஜெபம் என்று நினைத்துவிட்டார்கள் என்று தோன்றியிருக்கவேண்டும். அவரோ மார்பில் கையை வைத்துக்கொண்டார்.

"கண்ண மூடிக் கேட்டாத்தான் மனசுல ஏறும்! அடடா, என்னா ஒரு ஒழுங்கு! கொழும்புலகூட நான் இது கண்டதில்ல கேட்டேளா!"

ஜெபதாஸ் சார் எதையோ சொல்ல வாயைத் திறந்தார். பிறகு கோழிக்கு விடுவதுபோல அவருக்கும் வழிவிட்டு ஒதுங்கினார்.

மானேஜர் போனபிறகு நான் பிள்ளைகளிடம் சொல்லிப் பார்த்தேன். எனக்குப் பெட்டிமேல் கோபம் இருந்தாலும், இன்ஸ்பெக்டர் முன்னால் என் பிள்ளைகள் கோமாளியாக நிற்பது எனக்குத்தானே கேவலம்?

"இது ஜெபம் இல்ல மக்கா, பாடம். கண்ணத் தொறந்து வச்சுக் கேக்கணும்."

முன்வரிசையில் பேபி இருந்தாள். பனையேறி ஞானதாசனின் மகள். கேள்வி கேட்காமல் அவளுக்கு ஒரு பருக்கை இறங்காது. "இங்கிலீஷ்ல பாடமும் உண்டா டீச்சர்?" என்று கேட்டாள்.

என்ன பதில் சொல்ல? உண்டு என்றேன். அவள் நம்பவில்லை. மறுபடி ஊசியை வைத்தால் மறுபடி எல்லாக் கண்ணும் மூடிக்கொண்டது. மானேஜரும் வந்து, "டீச்சர், இதுல ஒரு மாற்றமும் வேண்டாம். பிள்ளியோ இப்பிடியே நிக்கட்டும்" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். சரி, நனைந்தாகிவிட்டது, இனி குடை எதற்கு என்று நானும் விட்டுவிட்டேன். தினமும் பெட்டி பேசும், பிள்ளைகள் கண்ணை மூடுவார்கள், நான் ஆமென் சொல்வேன், அவர் பூரித்துப்போவார்.

இன்ஸ்பெக்டர் வந்த அன்று நல்ல வெயில். அவர் பெயர் சிவதாணு பிள்ளை, நாகர்கோவில் பக்கத்துக்காரர். கனத்த உடம்பு. வில்வண்டியிலிருந்து இறங்கும்போதே மத்தியானச் சாப்பாட்டுக்கு எங்கே என்று விசாரித்தார். மானேஜர் கோட்டு போட்டுக்கொண்டு வந்திருந்தார். வேர்வை கழுத்தில் வழிந்தது.

வகுப்புக்குள் நுழையுமுன் மானேஜர் என்னைத் தடுத்தார்.

"டீச்சர் கொஞ்சம் பொறத்த நில்லுங்கோ. பெட்டி தனியா நடத்துறதயாக்கும் அவரு காணணும். டீச்சர் உள்ள நின்னா, டீச்சர்தான் நடத்தினாவன்னு எழுதிப்போடுவாரு."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தக் கோட்டைப் பிடித்து ஒரு இழு இழுத்திருக்கவேண்டும். "செரி, ஒங்க தொரை நடத்தட்டும்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்து, ஓலைத் தட்டியில் ஒரு ஓட்டை பார்த்துக் கண்ணை வைத்துக்கொண்டேன். அப்புறம் நடந்தது எனக்கு முன்னமே தோன்றியதா என்று ஊரில் இன்றுவரை கேட்கிறார்கள். சத்தியமாகத் தோன்றவில்லை. ஒருத்தரும் நம்பமாட்டார்கள் என்பதும் எனக்குத் தெரியும்.

மானேஜர் ஊசியை வைத்தார். துரை பேச ஆரம்பித்தார். பிள்ளைகள் எழுந்து கைகூப்பிக் கண்ணை மூடினார்கள். இன்ஸ்பெக்டர் புருவத்தைத் தூக்கினார்.

"மனச ஒருமுகப்படுத்துது" என்று மானேஜர் காதோரம் சொன்னார்.

தட்டு முடிந்தது. ஊசி கரகரவென்று இழுத்தது. மானேஜர் அதை எடுத்து வைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு புன்சிரிப்போடு நின்றார். பிள்ளைகள் உட்காரவில்லை. கண்ணைத் திறக்கவும் இல்லை.

"செரி மக்களே, இரிங்க" என்றார் மானேஜர்.

ஒருத்தரும் அசையவில்லை.

"இரிங்கலே! பாடம் தீந்தாச்சு. கண்ணத் தொறங்க!"

அவர் சத்தம் கூடக்கூடப் பிள்ளைகள் இன்னும் இறுக்கி மூடினார்கள். ஆடு வந்தாலே திறக்காத கண், மானேஜருக்கா திறக்கும்? ஒரு பொடியனுக்கு மூக்கு ஒழுகி உதட்டுக்கு வந்துவிட்டது, கூப்பிய கையை அவன் எடுக்கவில்லை.

இன்ஸ்பெக்டர் குனிந்து ஒரு பிள்ளையின் தோளைத் தொட்டார். "எதுக்குடா கண்ண மூடிக்கிட்டு நிக்க? நான் இன்ஸ்பெக்டராக்கும். தொற."

"இன்னும் ஆமென் சொல்லல்ல சார்" என்றது அது, கண்ணை மூடியபடியே.

மானேஜருக்கு அப்போதுதான் விஷயம் மண்டைக்குள் இறங்கியது. முகம் சுண்டிப்போயிற்று. "ஆமென்!" என்று கத்தினார். பிறகு "ஆமென், ஆமென்!" என்றார். உருக்கத்தில் முனகுகிற பெரியவர்களில் ஒருவர் என்று பிள்ளைகள் அவரை ஒதுக்கிவிட்டார்கள்.

மூலையில் நின்ற ஜெபதாஸ் சார் தொண்டையைச் செருமினார். அவர் வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் எதிர்த்துப் பேசிய முதல் பேச்சு அதுவாகத்தான் இருக்கும்.

"அது நேசபாய் டீச்சர் சொன்னாத்தான் செல்லும் சார்."

மானேஜர் வெளியே ஓடிவந்தார். நான் ஓட்டையிலிருந்து கண்ணை எடுத்து, எங்கோ பனமரத்தைப் பார்ப்பதுபோல நின்றேன்.

"டீச்சர்... உள்ள வந்து ஒரு ஆமென் சொல்லுங்கோ."

"ஒங்க தொரையிட்ட சொல்லுங்கோ. அவருக்குத்தான் லீவு வேண்டாம், காய்ச்சல் வராது."

"டீச்சர், மானம் போவுது. காலப் பிடிக்கணுமா?"

இன்னும் கொஞ்ச நேரம் அவரை அந்த வெயிலில் நிறுத்திவைக்க எனக்கு மனசு கிடந்து துடித்தது. ஆனால் உள்ளே பிள்ளைகள் நின்றுகொண்டிருக்கிறார்களே. காலையில் கஞ்சி குடிக்காமல் வந்ததும் அதில் உண்டு. போனேன்.

வாசலில் நின்று பார்த்தேன். இன்ஸ்பெக்டர், ஹெட்மாஸ்டர், கொழும்புப் பெட்டி எல்லாம் ஒருபக்கம் இருக்க, என் பிள்ளைகள் என் ஒரு சொல்லுக்காக வேர்த்து விறுவிறுத்து நின்றார்கள். எனக்குக் கோபமெல்லாம் எங்கே போயிற்றோ.

"ஆமென்" என்றேன்.

"ஆமென்!" என்று முழங்கிக் கண்ணைத் திறந்தார்கள். என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். இன்ஸ்பெக்டர் நாற்காலியில் உட்கார்ந்து வயிறு குலுங்கக் குலுங்கச் சிரித்தார், இருமல் வந்து ஜெபதாஸ் சார் தண்ணீர் கொடுக்கும்வரை சிரித்தார்.

தண்ணீரைக் குடித்துவிட்டு அவர் உத்தியோக முகத்துக்கு வந்தார். பேபியை விரல் காட்டி அழைத்தார்.

"பெட்டி என்ன பாடம் சொல்லிச்சு மக்கா?"

"அறியில்ல சார். அவிய அவியளுக்க ஜெபம் பண்ணினாவ. நான் எனக்க ஜெபம் பண்ணினேன்."

"ஓஹோ. நீ என்ன ஜெபம் பண்ணினே?"

"அவியளுக்குக் காது சொகமாவணும்னு."

"யாருக்குக் காது?"

"பெட்டிக்குள்ள இருக்க தொரைக்கு. பாவம், பொட்டக் காது சார். தெனமும் ஜெபத்துக்கு முன்ன நான் அந்தக் கொம்புக்குள்ள வாய வச்சு ஒரு காரியம் கேக்கேன். ஒருநாளும் மறுமொழி சொன்னது கெடையாது. அவியளுக்க பாட்டுக்குப் பேசிட்டே இருப்பாவ."

இன்ஸ்பெக்டர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "அப்பிடி என்ன காரியம் கேட்டே?"

பேபி என்னை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"எங்க டீச்சர எதுக்குப் போவச் சொல்லுதிய எண்ணு."

மானேஜர் கோட்டுப் பொத்தானைத் திருகிக்கொண்டு நின்றார். இன்ஸ்பெக்டர் அவர் பக்கம் திரும்பினார்.

"பிள்ள கேக்காள்லா? பதில் சொல்லும் ஓய். பெட்டி சொல்லாது."

மானேஜர் பெட்டியைப் பார்த்தார். ஜெபதாஸ் சாரைப் பார்த்தார். என் பக்கம் மட்டும் பார்க்கவில்லை. பிறகு அந்தக் கோட்டோடு மண் தரையில் பேபிக்கு முன்னால் குத்தவைத்து உட்கார்ந்தார்.

"தொர ஒண்ணும் சொல்லல்ல மக்கா. அவருக்கு ஒங்க டீச்சரயே தெரியாது. நானாக்கும் சொன்னது."

"நீங்க எதுக்குச் சொன்னிய?"

யேசுரத்தினம் முதலாளி பேச்சுக்குத் திணறி நான் அன்றுதான் பார்த்தேன். கொழும்பில் எப்படி என்று சொல்வார் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை.

"புத்தியில்லாம சொல்லிப்போட்டேன் மக்கா" என்றார் கடைசியில். "டீச்சர் எங்கோட்டும் போவமாட்டாவ. இங்கதான் இருப்பாவ."

பேபி அவர் முகத்தை உற்றுப் பார்த்தாள். "நாளைக்கும் என்னக் கூட்ட மணியடிச்சிட்டு வருவாவளா?"

"வருவாவ."

"மழ பெஞ்சா?"

"மழ பெஞ்சாலும் வருவாவ."

பேபி சரி என்று தலையாட்டிவிட்டுத் தன் இடத்தில் போய் உட்கார்ந்தாள். இன்ஸ்பெக்டர் பேனாவை எடுத்து எதையோ எழுத ஆரம்பித்தார். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. பிள்ளைகளுக்கு முன்னால் அழுதால் நாளைக்கு ஒருத்தரும் எனக்குப் பயப்படமாட்டார்களே என்று கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டு, ஒன்றும் எழுதாத பலகையை வெகுநேரம் அழித்துக்கொண்டே இருந்தேன்.